கீழே கொதித்த தண்ணீர்

'2012' படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஒரு சுரங்கம் வரும். இந்தியாவில் எங்கோ இருக்கும் செம்புச் சுரங்கம் என்று காட்டுவார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த இளம் விஞ்ஞானியை அவருடைய இந்திய நண்பர் பூமிக்கடியில் கூட்டிப்போவார். அங்கே ஓர் ஆய்வுக்கூடம், கணினிகள், வியர்த்து வழியும் ஆட்கள். தரையிலிருக்கும் மூடியைத் திறந்தால் கீழே தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் வேறு ஏதோ துகளாக மாறிவிட்டன, அவை பூமியின் உட்கருவைச் சூடாக்குகின்றன என்று நண்பர் சொல்வார். அதற்கப்புறம் இரண்டரை மணி நேரம் உலகம் இடிந்து விழும்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் மூன்று பேர் ஆயுளில் பாதியைப் பூமிக்கடியில் கழித்தவர்கள். என் தாத்தா, பக்கத்து வீட்டுத் தாத்தா, எதிர் லைன் பெரியப்பா. ஊர் கோலார் தங்கவயல். 2010ஆம் ஆண்டின் கோடை விடுமுறை. மாமா பெங்களூரிலிருந்து வரும்போது தமிழ் பேசும் டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். லைனில் எங்கள் வீட்டில்தான் அப்போது டிவிடி பிளேயர் இருந்தது, அதனால் கூடத்தில் இடம் போதாமல் வாசற்படியிலும் ஆட்கள். பிள்ளைகள் நாங்கள் டிவிக்கு ஒரு முழம் தள்ளித் தரையில்.

லைன் என்றால் வரிசை வீடு. வெள்ளைக்காரக் கம்பெனி காலத்தில் வேலையாட்களுக்குக் கட்டியது. ஒரே சுவரை இரண்டு குடும்பம் பகிர்ந்துகொள்ளும். அந்தப் பக்கம் ஆயா இருமினால் இந்தப் பக்கம் நாங்கள் கஷாயம் வைப்போம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தோண்டத் தொடங்கியபோது வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அந்த லைன்கள் முழுக்க. சிவசமுத்திரம் அருவியிலிருந்து 1902இலேயே எங்கள் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. எனக்கு அது நினைவில்லை. எனக்கு நினைவிருப்பது அதற்குப் பிந்தைய ஊர். விடியும் முன்னே மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் ரயில் பிடிக்க ஓடும் அப்பாக்கள், ஆள் இல்லாமல் நிற்கும் ஷாப்ட் கோபுரங்கள், சயனைடு மேடுகள்.

அந்த மேடுகளைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்ச மண்ணை நூறு வருஷத்துக்கு மேலாகக் கொட்டிக் கொட்டிக் குன்றாக்கியிருந்தார்கள். சாம்பல் கலந்த வெள்ளை. ஆடிக் காற்றில் அந்தத் தூள் எழும்பி வந்து கொடித் துணியில் படியும், சோற்றில் பல்லில் நறநறக்கும், புத்தகத்தைத் திறந்தால் தையலில் கோடாக உட்கார்ந்திருக்கும். ஒரு ஊரின் வயிற்றுக்குள் இருந்ததெல்லாம் வெளியே கிடந்தது. பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது எங்களுக்குக் கற்பனை விஷயமே இல்லை. தினமும் அதைத்தான் பெருக்கித் தள்ளினோம்.

தண்ணீர் கொதிக்கும் காட்சி வந்ததும் தாத்தா, "நிறுத்து, நிறுத்து" என்றார்.

மாமா நிறுத்தினார். திரையில் புகை அப்படியே நின்றது. தாத்தா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"அந்தத் தண்ணி கொதிக்குதே, எதனால இன்றான்?"

"சூரியன்லருந்து வர்ற ஏதோ துகளாம் தாத்தா. நியூட்ரினோவாம். எல்லாத்துலயும் பூந்து வருதாம்."

"எல்லாத்துலயும் பூந்து வருதுன்னா, பக்கத்துல நிக்கிறானே, அவன் மேல பூரலியா? அவன் உடம்புல தண்ணி இல்லியா? அவன் ஏன் கொதிக்கல?"

யாரும் பதில் சொல்லவில்லை. மாமா மறுபடி ஓடவிட்டார். தாத்தா மட்டும் கொஞ்ச நேரம் நின்றபடியே பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டாத மனிதர் கேட்ட அந்தக் கேள்வியைவிடச் சரியான ஒன்றை இந்தப் படத்தைப் பற்றி இன்றுவரை நான் எங்கும் படித்ததில்லை. மனித உடம்பில் ஏறக்குறைய அறுபது சதவீதம் தண்ணீர். கிலோமீட்டர் கணக்கில் பாறையைத் துளைத்து வந்து பள்ளத்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற கதிர், வரும் வழியில் வயல்வெளியில் நிற்கும் மாட்டையும் மரத்தையும் மனிதரையும் முதலில் வேகவைத்திருக்க வேண்டும். பாறையைத் தொடாமல், ஆளைத் தொடாமல், பூமியின் நடுவை மட்டும் தேடிப்போய்ச் சுடும் துகள் என்று ஒன்று இருக்க வழியில்லை. கதைக்கு வேண்டிய இடத்தில் மட்டும் வேலை செய்கிற இயற்கை இயற்கையே இல்லை.

ஆனால் அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. பயந்துபோயிருந்தேன். அலை வரும் காட்சிகளில் ஆயா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். 2004 டிசம்பருக்குப் பிறகு எந்தத் தமிழ் வீட்டிலும் அலை வெறும் சினிமாவாக இருக்கவில்லை. நாகப்பட்டினமும் கடலூரும் அப்போது தினமும் டிவியில் வந்ததை ஐந்து ஆண்டுகளில் யாரும் மறந்திருக்கவில்லை. படத்தில் அந்த இந்திய விஞ்ஞானி, எல்லாவற்றையும் முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர், மனைவியோடும் மகனோடும் காத்திருப்பார். அழைத்துப்போவதாகச் சொன்ன விமானம் வராது. அலைதான் வரும். "கண்டுபிடிச்சவனையே உட்டுட்டு போயிட்டானுங்களா?" என்று பக்கத்து வீட்டுத் தாத்தா கேட்டது நினைவிருக்கிறது. கூடத்தில் அதற்கு ஒரு பெருமூச்சு எழுந்தது. படத்தில் ஆராய்ந்து பார்த்தால் மிக நம்பும்படியான காட்சி அதுதான்.

அன்றிரவிலிருந்து பூமி எனக்குச் சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளங்காலால் தரையைத் தொட்டுப் பார்ப்பேன். கோடையில் எல்லாத் தரையும் சுடும், எதை நம்புவது? அந்த வருஷ மார்கழியில்தான் உண்மையாகவே நடுங்கினேன். தங்கவயல் கடல் மட்டத்துக்கு மேல் 800 மீட்டருக்கும் உயரத்தில் இருக்கிறது. குளிர் காலை நேரத்தில் பல் கிட்டிக்கும். அப்படி ஒரு விடியலில் போர் தண்ணீரைக் குடத்தில் பிடிக்கும்போது அதிலிருந்து ஆவி எழும்பியது. கைவிட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு. குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

"கீழ சூடாயிருச்சு தாத்தா. தண்ணி சுடுது."

தாத்தா சிரிக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய் மறுபடி குழாயில் கைவைக்கச் சொன்னார். "சித்திரைல இதே தண்ணி எப்படி இருக்கும்?" என்றார். ஜில்லென்று இருக்கும். "தண்ணி அப்படியேதான் கீது கண்ணு. நூறடி கீழ போயிட்டா வெயிலும் தெரியாது, பனியும் தெரியாது. வருஷம் பூரா ஒரே பதம். உன் கைதான் மார்கழியில ஜில்லிட்டுப் போவுது, சித்திரைல காஞ்சு போவுது." பூமிக்குள் இறங்கி ஏறியே காலம் தள்ளிய ஒருவர் சொன்னதால் அதை நம்பினேன். அப்புறம்தான் அவர் கீழே உள்ள சூட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பயம் போன பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் சாகும்வரை கேட்டேன்.

அவருக்கு மரம் அடைக்கும் வேலை. கல்லை வெட்டி எடுத்த வெற்றிடம் மேலே இருக்கும் பாரத்தில் மூடிக்கொள்ளாமல் இருக்க மரத்தை அடுக்கி முட்டுக்கொடுப்பது. கேஜில் ஏறி நின்றால் வயிறு தொண்டைக்கு வரும் வேகத்தில் இறங்கும். ஒரே மூச்சில் அடிவரை போகாது. ஒரு ஷாப்டிலிருந்து இறங்கி நடந்து இன்னொரு ஷாப்டில் ஏற வேண்டும். எங்கள் சாம்பியன் ரீப் சுரங்கத்தின் அடிமட்டம் 3,200 மீட்டருக்குப் பக்கம். ஒரு காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அங்கே பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். வெறும் கையைச் சுவரில் ஊன்ற முடியாது என்பார். மேலே குளிர்பதன ஆலை வைத்துக் காற்றைக் குளிரவைத்துக் கீழே தள்ளினார்கள், அப்படியும் கோவணத்தோடுதான் வேலை. ஷிப்ட் முடிந்து மேலே வந்தால் வியர்வை காய்ந்து உப்பு தோளில் வெள்ளைக் கோடாக நிற்குமாம்.

அந்தச் சூட்டுக்குக் காரணம் இருந்தது. பூமி பிறந்தபோதே அடைபட்ட சூடு கொஞ்சம். பாறைக்குள் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைவதால் உண்டாவது மீதி. இரண்டும் சேர்ந்து மொத்தப் பூமியிலிருந்தும் கசிவது சுமார் 47 டெராவாட். சூரியன் நம் மீது கொட்டுவதோ 1,73,000 டெராவாட். வெப்பக் கசிவு அவ்வளவு மெதுவானது. உலகின் பல இடங்களில் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி ஏறும். எங்கள் பாறை 270 கோடி வருஷத்துப் பழசு. அங்கே அதைவிடக் குறைவாகத்தான் ஏறியது. அதனால்தான் மனிதர்கள் அவ்வளவு ஆழம் போக முடிந்தது. போயும் என்ன? பூமியைத் தேங்காய் அளவுக்குச் சுருக்கினால் எங்கள் தாத்தாக்கள் இறங்கியது அதன் ஓட்டில் ஒரு காகிதக் கனம்கூட இல்லை. மையம் 6,371 கிலோமீட்டரில் இருக்கிறது. ரஷ்யாவின் கோலாவில் துளைப்பான் மட்டும் போட்டுப் போன ஆழமே 12,262 மீட்டர்தான். அதற்குமேல் பாறை சூட்டில் இளகித் துளையை மூடப் பார்த்தது.

பின்னாளில் 'தி கோர்' என்ற 2003ஆம் ஆண்டுப் படத்தையும் தாத்தாவோடு உட்கார்ந்து பார்த்தேன். பூமியின் உட்கரு சுழலாமல் நின்றுபோகிறது, ஆறு பேர் ஒரு வண்டியில் ஏறி நடுவரை போய் அணுகுண்டு வைத்துச் சுழலவிடுகிறார்கள். மையத்தில் அழுத்தம் நம் காற்றழுத்தத்தைப் போல் 36 லட்சம் மடங்கு, சூடு 5,000 டிகிரிக்கு மேல். காந்தப் புலம் போனதும் சூரியனின் மைக்ரோ அலை வந்து பாலத்தை உருக்குவதாகக் காட்டுகிறார்கள். காந்தப் புலம் மைக்ரோ அலையை ஒருநாளும் தடுத்ததில்லை, அது தடுப்பது மின்னூட்டம் உள்ள துகள்களை. இந்தப் படம் என்னைப் பாதிக்கவில்லை. வண்டி பாறைக்குள் புகுந்த இடத்தில் தாத்தா, "வெட்டின கல்லை எங்க கொட்றாங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். சயனைடு மேட்டின் அடியில் வாழ்ந்தவருக்கு அந்தக் கேள்வி தானாக வரும்.

'2012'ஐ அப்படி விட்டுவிட முடியவில்லை. நியூட்ரினோ எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்நியம் இல்லை என்பதுதான் காரணம்.

இதை நான் தாத்தாவிடமிருந்தே முதலில் கேட்டேன். படம் பார்த்துப் பல நாள் கழித்து, சாவகாசமாக, "எங்க மைன்லயும் அந்த மாதிரி லேப் இருந்துது" என்றார். பம்பாய் லேப் ஆளுங்க என்பார் அவர்களை. டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்துக்காரர்கள். ஹோமி பாபா அனுப்பி பி.வி. ஸ்ரீகண்டன் 1950களின் தொடக்கத்திலேயே தங்கவயலுக்கு வந்து சுரங்கத்துக்குள் கருவிகளோடு இறங்கியிருக்கிறார். வானத்திலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்த் துகள்கள் ஆழம் போகப் போக எவ்வளவு குறைகின்றன என்று அளந்தார்கள். 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் அவை ஏறக்குறைய அற்றே போயின. மற்றவர்களுக்கு அது வெறுமை. அவர்களுக்கு அதுதான் தேடிய இடம். எல்லாச் சத்தமும் ஓய்ந்த அறையில் மட்டும் கேட்கக்கூடிய ஒன்றை அங்கே கேட்கலாம் அல்லவா?

1965இல் அதைக் கேட்டார்கள். டாடா நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகளையும் நியான் குழாய்களையும் சுவர்போல் நிறுத்திவைத்துக் காத்திருந்தார்கள். மேலிருந்து வருபவை வேறு துகளாக இருக்கலாம். பக்கவாட்டில், படுக்கைவாக்கில் ஒரு துகள் அறையைக் கடந்தால்? அது எத்தனையோ கிலோமீட்டர் பாறைக்குள் நியூட்ரினோ ஒன்று மோதிப் பிறந்ததாகத்தான் இருக்க முடியும். அப்படி வந்தது. காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடம் உலகில் முதன்முதலாகப் பதிவான இடங்களில் ஒன்று எங்கள் சாம்பியன் ரீப். அதே வருஷம் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் பதிவானது.

தாத்தா அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. அவருக்கு நினைவிருந்தது கண்ணாடிக் குழாய்கள். "விரல் தண்டி கண்ணாடிக் குழா, அடுக்கடுக்கா. ஒண்ணு ஒடைஞ்சாலும் தொரைங்க முகம் சுண்டிப் போவும். கேஜ்ல வெச்சு எறக்கும்போது கைக்கொழந்தைய புடிக்கிற மாதிரி புடிச்சுக்கினு போவோம்." உள்ளே ஏதாவது துகள் கடந்தால் அந்த வழியிலிருக்கும் குழாய்கள் மட்டும் ஒரு கணம் செம்மஞ்சளாக மின்னும், அதைப் படம் பிடித்துக்கொள்வார்கள். மின்னியதை அவர் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேன், ஆனால் சொல்லவில்லை. 1980இலிருந்து அதே ஆழத்தில் வேறொரு பெரிய கருவி, 140 டன் எடை, இரும்புத் தகடும் எண்ணும் குழாய்களுமாக. புரோட்டான் என்றாவது சிதையுமா என்று பார்க்க. அந்தத் தகடுகளை இறக்கியதில் தாத்தாவின் கையும் உண்டு.

இப்போது அந்தப் படத்தை நினைத்துப் பாருங்கள். இந்தியச் சுரங்கம், ஆழம், ஆய்வுக்கூடம், நியூட்ரினோ. எழுதியவர்கள் எங்கள் ஊரைப் பற்றி எங்கோ படித்தார்களோ என்னவோ, நான் அறியேன். எல்லாம் இருக்கிறது, அந்தத் துகளின் குணத்தைத் தவிர. இயற்கையில் எதையும் தொடாமல் போவதில் நியூட்ரினோவுக்கு இணையான துகளைச் சொல்வது கடினம். சூரியனிலிருந்து வருபவை மட்டும் நம் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நொடிக்கு 6,500 கோடி கடந்து போகின்றன. இரவில் சூரியன் மறுபக்கம் இருக்கும்போதும் குறைவதில்லை. பூமியைத் துளைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியிலிருந்து மேலே வருகின்றன. இருப்பதாக வொல்ப்காங் பவுலி 1930இல் சொன்ன துகளைப் பிடித்துக்காட்ட 1956 ஆயிற்று. 1987 பிப்ரவரியில் பக்கத்து விண்மீன் மண்டலத்தில் ஒரு விண்மீன் வெடித்தது. அந்த ஒரு வெடிப்பின் நியூட்ரினோ மழை பூமி முழுவதையும் நனைத்துக்கொண்டு போயிற்று. உலகத்துக் கருவிகள் எல்லாம் சேர்ந்து பிடித்தது சுமார் இருபத்தைந்து. விண்மீன் வெடித்தே ஒரு டம்ளர் தண்ணீர் வெதுவெதுக்கவில்லை.

நியூட்ரினோ மாறுவதும் உண்மைதான். மூன்று வகை இருக்கின்றன, போகும் வழியில் ஒரு வகை இன்னொன்றாக உருமாறிக்கொண்டே போகும். அதைக் காட்டியதற்காக ஜப்பானின் டகாகி கஜிதாவுக்கும் கனடாவின் ஆர்தர் மெக்டொனால்டுக்கும் 2015இல் நோபல் கிடைத்தது. அந்த மாற்றத்தில் அது மேலும் சாதுவாகவும் ஆகாது, மூர்க்கமாகவும் ஆகாது.

மற்ற பிழைகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கண்டத் தட்டுகள் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் நகர்பவை. படத்தில் ஒரே நாளில் தென்துருவம் அமெரிக்காவின் விஸ்கான்சினுக்கு வந்துவிடுகிறது. இமயமலைக்கு மேல் அலை ஏறுகிறது. உலகத்துப் பனியெல்லாம் உருகினாலும் கடல் 70 மீட்டர் அளவுக்குத்தான் உயரும். நிலத்தையெல்லாம் சீவிச் சமமாக்கிக் கடலை அதன்மேல் பரப்பினாலும் இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் நிற்கும். நான் சின்ன வயதில் அட்லஸை வைத்துக்கொண்டு தங்கவயல் முழுகுமா என்று கணக்குப் போட்ட நோட்டு வெகுகாலம் வீட்டில் கிடந்தது.

2012 டிசம்பர் 21 நெருங்கியபோது நாங்கள் உயர்நிலைப் பள்ளியில் இருந்தோம். மாயர்களின் நாள்காட்டி முடிகிறது என்றார்கள். முடிந்தது ஒரு நீண்ட சுற்று. நம் நாள்காட்டியில் மார்கழி போய்த் தை வருவதற்குமேல் அதில் எதுவும் இல்லை. என் தோழி ஒருத்தி, வருஷக் கடைசிப் பரீட்சைக்கு எதற்குப் படிக்க வேண்டும் என்று அழுதாள். விளையாட்டுக்கு இல்லை. ராத்திரி தூங்குவதில்லை என்று அவள் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். அமெரிக்காவில் நாசாவின் டேவிட் மாரிசன் என்ற வானியலாளருக்கு இதே போலப் பயந்துபோன பிள்ளைகளும் பெரியவர்களும் ஆயிரக்கணக்கில் எழுதினார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிக்கூடக் கேட்டார்கள் என்று பிற்பாடு படித்தபோது அவள் முகம்தான் கண்முன் வந்தது. வெறும் சினிமாதானே என்று பெரியவர்கள் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வரும். அந்தப் படம் பயத்துக்கு ஒரு விஞ்ஞானியின் குரலைக் கொடுத்தது. ராட்சத மிருகம் வந்து ஊரை மிதித்தால் குழந்தை சீக்கிரம் தெளிந்துவிடும். வெள்ளைச் சட்டை போட்டவர் திரையைக் காட்டி எண்கள் சொன்னால் தெளியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. எங்கள் சுரங்கம் மூடப்பட்ட பிறகு இந்தியாவுக்கு அப்படி ஒரு ஆழம் இல்லாமல் போயிற்று. புதிய நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்கு முதலில் நீலகிரியின் சிங்காராவைக் கேட்டார்கள். புலிகளும் யானைகளும் நடமாடும் வழி என்று 2009இல் மறுக்கப்பட்டது. பிறகு தேனி மாவட்டத்தில் போடி மேற்கு மலையில் பொட்டிப்புரம். 50,000 டன் காந்த இரும்பு, மலைக்குள் சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பியது. மலையைக் குடைவது, வெடி வைப்பது, தண்ணீர், காடு, பக்கத்து அணைகள் என்று அங்குள்ளவர்கள் கேட்ட கேள்விகள் நியாயமானவை. சுரங்க ஊரில் பிறந்த எனக்கு அந்தக் கவலையின் எடை தெரியும். நூறு வருஷத்து மண்ணை எங்கள் சோற்றில் நாங்கள் மென்றிருக்கிறோம். ஆனால் அவற்றோடு சேர்ந்து, நியூட்ரினோவே ஊரைச் சுட்டுவிடும் என்ற பேச்சும் பரவியது. பேருந்தில் ஒருவர் அந்தப் படத்தையே ஆதாரமாகச் சொன்னதை என் காதால் கேட்டேன். உண்மையான கவலைக்குக் கிடைக்க வேண்டிய கவனத்தைப் பொய்யான பயம் தின்றுவிட்டது. படத்தின்மீது எனக்கு இருக்கும் பெரிய புகார் அதுதான்.

நோபல் அறிவிப்பு வந்த நாள் நான் பி.யூ.சி. இரண்டாம் வருஷம். தாத்தாவுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. பேப்பரை நான் உரக்கப் படித்தேன். ஜப்பானில் கமியோகா என்ற இடத்தில் மலைக்கடியில் 1,000 மீட்டர் ஆழத்தில் ஒரு தொட்டி. 50,000 டன் சுத்தமான தண்ணீர். சுற்றிலும் ஆயிரக்கணக்கான ஒளிக்கண்கள். நியூட்ரினோ ஒன்று தண்ணீரில் மோதினால் தோன்றும் நீல ஒளிக்கீற்றைப் பிடிக்க 1996இலிருந்து காத்திருக்கிறார்கள். சூரியனிலிருந்து கோடானுகோடி கடந்து போகின்றன, அவற்றில் நாளொன்றுக்குப் பதினைந்து அளவில்தான் சிக்குகின்றன.

"தண்ணியா?" என்றார் தாத்தா. "கீழயா?"

"ஆமா தாத்தா."

"கொதிக்கலியே?"

"கொதிக்கல. பச்சைத் தண்ணிதான். ஜில்லுனு வெச்சிருக்காங்களாம்."

அவருக்கு அதில் அப்படி ஒரு திருப்தி. பிறகு கேள்விமேல் கேள்வி. அவ்வளவு தண்ணியைச் சுத்தமாக வைப்பது யார், பம்பு எங்கே வைத்திருக்கிறார்கள், கூரை விழாமல் என்ன முட்டு. எங்கள் புரோட்டான் உடைந்ததா என்றும் கேட்டார். தங்கவயல் கருவியில் சந்தேகப்படும்படி சில பதிவுகள் வந்தன, உறுதியாகவில்லை. ஜப்பான் தொட்டியிலும் இதுவரை உடையவில்லை என்று படித்துச் சொன்னேன். "இன்னும் பாத்துக்கினுதான் கீறாங்களா" என்று தலையாட்டினார்.

"அது இன்னா மைனு? இன்னா எடுத்தாங்க?"

துத்தநாகம், ஈயம் என்றேன். 2001இல் அங்கேயும் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்ததையும் படித்தேன்.

"நம்ம மூடின வருஷமா!" தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த லேபருங்கள்ல யாரையாவது தொட்டி வேலைக்கு எடுத்துக்கினாங்களா, போட்டிருக்கா பாரு."

பேப்பரை மறுபடி முதலிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.